திறனறி தேர்வும் விலக்கப்பட்ட மொழிபெயர்ப்பும்: ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி பற்றிய ஒரு மதிப்பீடு

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில விரும்பும் இந்திய மாணவர் தம் ஆங்கிலத் திறனைத் தேர்வொன்றின்வழி மெய்ப்பித்துக் காட்டுதல் வேண்டும். ஐயெல்ட்ஸ், டோஃபல், பி.டி.இ. எனத் தேர்வுகள் பலவாயினும் அவற்றுக்கான பயிற்சி பெரும்பாலும் ஒரே போக்கில் நடைபெறுகின்றது. தமிழகத்து நகரங்களில் இயங்கும் பயிற்சி நிலையங்களிலும், கடைகளில் கிடைக்கும் பயிற்சிக் கையேடுகளிலும் மாணவருக்கு முதற்கண் கூறப்படும் அறிவுரை ஒன்றுண்டு: தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் பெயர்க்காதீர்கள், ஆங்கிலத்திலேயே எண்ணுங்கள். இவ்வறிவுரை ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல வழங்கி வருகின்றது. இதன் மொழியியல் அடிப்படை யாது என வினவுவோர் அரியர்.

தேர்வின் வினாக்களையே கூர்ந்து நோக்கின் வேறொன்று புலனாகும். பனுவல் கூறுவதை வேறு சொற்களில் இனங்காணல், வரைபடம் காட்டுவதைத் தொடர்களாக்கல், ஓரிரு வரியிலுள்ள தலைப்பைப் பல பத்திகளாக விரித்தல் ஆகியனவே அங்கு மிகுதியும் வேண்டப்படுகின்றன. இவை மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் செய்யும் பணிகள். ஆங்கிலத் திறனறி தேர்வு மொழிபெயர்ப்பைப் பெயரளவில் நீக்கியதேயன்றி அதன் செயல்களை நீக்கவில்லை. பயிற்சியோ அச்செயல்களுக்கு வேண்டிய கருவியான தாய்மொழி அறிவை வெளியே நிறுத்திவிட்டு, அவ்விடத்தில் மனப்பாடத் தொடர்களை வைக்கின்றது.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. ஐயெல்ட்ஸ் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கும் தனித்தனியே 9 பேண்ட் வரையிலான அளவையால் மதிப்பிடப்பெறுகின்றன. நான்கின் சராசரி அரைப் பேண்டுக்கு முழுமையாக்கப்படும், 6.25 என்பது 6.5 ஆகும், 6.75 என்பது 7 ஆகும். பல்கலைக்கழகங்கள் பல மொத்தத்தில் 6.5 கேட்பதோடு எந்தத் திறனும் 6க்குக் குறைதல் ஆகாது எனவும் விதிக்கின்றன. கேட்டலில் 7.5, படித்தலில் 7, பேசுதலில் 6.5, எழுதுதலில் 5.5 பெற்ற மாணவரின் மொத்தம் 6.5 ஆக அமையும். ஆயினும் எழுத்தில் குறைந்த அந்த அரைப் பேண்ட் அவரைத் தடுத்துவிடும். இந்தியாவில் இத்தேர்வின் கட்டணம் 17,000 ரூபாயைக் கடந்துவிட்டது. மதிப்பெண் ஈராண்டுக்கே செல்லும். கடன் பெற்றுப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு அரைப் பேண்ட் என்பது சில வேளைகளில் ஓராண்டுக் காலம். உலகளாவிய சராசரிகளில் எழுதுதலே ஏனைய திறன்களினும் தாழ்ந்து நிற்பது வழக்கம். பயிற்சியின் குறையும் அங்கேதான் மிகுதி.

தேர்விலிருந்து மொழிபெயர்ப்பு நீங்கிய வரலாறு

ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்றோருக்கான தேர்வு மொழிபெயர்ப்போடுதான் பிறந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சார்பில் 1913இல் முதன்முதலாக நடைபெற்ற புரொஃபிஷியன்சி சான்றிதழ்த் தேர்வு ஏறத்தாழ 12 மணிநேரம் நீண்டது. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு அல்லது ஜெர்மன் மொழிக்கும், அம்மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்த்தல், இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதல், உரையாடல் ஆகியன அதில் இடம்பெற்றன. எழுதியோர் மூவர், மூவருமே தேர்ச்சி பெறவில்லை. ஒலியியலுக்கு அன்று தனி வினாத்தாள் இருந்தது என்பது மொழியியலார் சிலருக்கு ஏக்கம் தரக்கூடும்.

பிரெஞ்சும் ஜெர்மனும் அறியாதார் அத்தேர்வை எழுதியிருக்க இயலாது. தமிழருக்கோ வங்காளியருக்கோ அதில் இடமிருந்ததில்லை. ஆகவே பிற்காலத்தில் மொழிபெயர்ப்பு படிப்படியாக விலக்கப்பட்டமை ஒருவகையில் நேர்மையான மாற்றமே. நூற்றுக்கு மேற்பட்ட தாய்மொழியினர் எழுதும் ஒரு தேர்வில் ஒவ்வொரு மொழிக்கும் வினாத்தாளும் மதிப்பீட்டாளரும் அமைத்தல் அரிது. 1964இல் அமெரிக்காவில் தொடங்கிய டோஃபல், பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாக்களால் இச்சிக்கலைக் கடந்தது. பிரிட்டனில் 1980இல் வந்த எல்ட்ஸ் தேர்வு, மாணவர் பயிலவிருக்கும் துறைக்கேற்ற பிரிவுகளைக் கொண்டிருந்தது. 1989இல் அதன் வழிவந்த ஐயெல்ட்ஸ் அப்பிரிவுகளை மூன்றாகக் குறைத்தது. 1995இல் அவையும் நீங்கி, அனைவருக்கும் பொதுவான ஒரே கல்விப் பிரிவு அமைந்தது. படித்தல் பகுதிக்கும் எழுதுதல் பகுதிக்கும் இடையே அதுவரை இருந்த பொருள்தொடர்பும் அப்போது துண்டிக்கப்பட்டது. படித்ததைக் கொண்டு எழுதும் நிலை மாறி, வெறுந்தலைப்பைக் கொண்டு எழுதும் நிலை வந்தது. வார்ப்புக் கட்டுரைகளுக்கு வழி திறந்ததில் இம்மாற்றத்துக்குப் பங்குண்டு எனலாம். 2005இல் வந்த இணையவழி டோஃபல், ஒரு பத்தியைப் படித்து, அது பற்றிய விரிவுரையைக் கேட்டு, இரண்டையும் இயைத்தெழுதும் பகுதி ஒன்றைக் கொண்டிருந்தது. 2026 சனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய அமைப்பில் அப்பகுதி இடம்பெறவில்லை.

இங்கு வேறுபடுத்திக் காணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தேர்விலிருந்து மொழிபெயர்ப்பு விலகியதற்கு நடைமுறைக் காரணம் பெரிது. பயிற்சியிலிருந்து தாய்மொழி விலகியதற்குக் காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் செல்வாக்குப் பெற்ற நேர்முறைக் கற்பித்தல் கொள்கை. தேர்வில் கேட்கப்படாத ஒன்று பயிற்சியிலும் வேண்டாதது என்னும் முடிவு இவ்விரண்டையும் குழப்பியதால் எழுந்தது. அளவுகோலில் இல்லாத பொருளெல்லாம் கட்டடத்துக்கும் வேண்டாதன என்று கொத்தர் எவரும் கருதுவதில்லை. தேர்வு கற்பித்தலின்மீது செலுத்தும் ஆட்சியை ஆல்டர்சனும் வாலும் 1993இல் ஆராய்ந்தபோது, அத்தகைய விளைவு தானே நிகழும் எனக் கொள்ளலாகாது என்று எச்சரித்தனர். எவ்விளைவு, யார் வழியாக, எவ்வாறு நிகழ்கின்றது என்று தனித்தனியே காணல் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஈண்டும் விளைவைத் தோற்றுவிப்பது தேர்வு மட்டுமன்று. தேர்வைப் பயிற்சியாளர் பொருள்கொள்ளும் முறையுமாகும்.

வினாக்களுக்குள் இருக்கும் பெயர்ப்பு

ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பை மூவகைப்படுத்தினார். ஒரு மொழிக்குள்ளேயே வேறு சொற்களால் கூறுதல் மொழியகப் பெயர்ப்பு. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்த்தல் மொழியிடைப் பெயர்ப்பு. சொல்லல்லாத குறிகளுக்கும் சொல்லுக்கும் இடையே நிகழ்வது குறியிடைப் பெயர்ப்பு. நடுவில் உள்ளதை மட்டுமே மக்கள் மொழிபெயர்ப்பு என்கின்றனர். தமிழ் மரபிலும் இதற்கிணையான விரிந்த நோக்கு உண்டு. தொல்காப்பியம் மரபியலில் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகப் பகுக்கின்றது. சுருக்கி உரைப்பதும், விரித்து உரைப்பதும், பிறமொழியிலிருந்து பெயர்ப்பதும் ஓரினத்துச் செயல்களாக அங்கு எண்ணப்பட்டுள்ளன.

ஐயெல்ட்ஸ் தேர்வின் படித்தல் பகுதியில் 60 நிமிடத்தில் 40 வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். வினாவிலுள்ள கூற்று பனுவலின் சொற்களை அவ்வாறே திரும்பக் கூறுவதில்லை. வேறு சொற்களில் கூறும். இரண்டும் ஒன்றா, வேறா என முடிவு செய்வது மொழியகப் பெயர்ப்பைச் சரிபார்க்கும் பணியே. கல்விப் பிரிவில் எழுதுதலின் முதற்பகுதி வரைபடத்தையோ அட்டவணையையோ 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்கக் கேட்கின்றது. இது குறியிடைப் பெயர்ப்பு. பேசுதலின் இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையிலுள்ள சில குறிப்புகளை ஒரு நிமிடம் நோக்கி, ஒன்றிரண்டு நிமிடம் விரித்துப் பேசுதல் வேண்டும். இது விரித்தல். மொழியிடைப் பெயர்ப்பு ஒன்றே வினாவில் இல்லாதது. அதுவும் தேர்வெழுதுவோர் மனத்துள் நிகழ்ந்தவண்ணம் உள்ளது. அறிவுரையால் அதனை நிறுத்திவிட இயலாது.

அன்று, இல்லை

படித்தல் பகுதியில் மாணவரைப் பெரிதும் அலைக்கழிப்பது, ஒரு கூற்று சரியா, தவறா, கூறப்படவில்லையா என்று குறிக்கும் வினாவகை. தவறு என்பதற்கும் கூறப்படவில்லை என்பதற்கும் வேறுபாடு யாது என்று விளக்கக் கையேடுகள் பல பக்கங்களைச் செலவிடுகின்றன. அவை தரும் விளக்கம் பெரும்பாலும், பனுவலில் சான்று இருந்தால் தவறு, இல்லாவிடில் கூறப்படவில்லை என்ற அளவில் நின்றுவிடுகின்றது. சான்று எது என்பதே மாணவரின் ஐயமாதலின் இவ்விளக்கம் அவருக்குப் பயன்படுவதில்லை.

தமிழ் இவ்வேறுபாட்டுக்கு இரு வேர்களை வைத்துள்ளது. அல் என்னும் வேரிலிருந்து வரும் அன்று, அல்ல, அல்லர் முதலியன ஒன்றன் தன்மையை மறுத்து வேறொன்றை அவாவி நிற்பன. இல் என்னும் வேரிலிருந்து வரும் இல்லை உண்மையை, அதாவது இருப்பை, மறுப்பது. மலையாளப் பேச்சில் அல்ல, இல்ல என்னும் வேறுபாடு இன்றும் தெளிவாக உள்ளது. தமிழகத்துப் பேச்சுவழக்கில் ‘அவர் ஆசிரியர் இல்லை’ என்பது ‘அவர் ஆசிரியர் அல்லர்’ என்பதன் இடத்தையும் பற்றிக்கொண்டது. எழுத்துநடையிலோ இரண்டும் நிற்கின்றன. பள்ளியில் தமிழ் பயின்ற எந்த மாணவரும் இதனை அறிவார்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆலையின் தொழிலாளருள் பெரும்பாலோர் அண்டைச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் எனப் பனுவல் கூறுவதாகக் கொள்வோம். தொழிலாளர் அனைவரும் நகரத்தார் என்பது வினாவிலுள்ள கூற்றாயின், ‘நகரத்தார் அல்லர், பெரும்பாலோர் சிற்றூரார்’ என நிரப்ப முடிகின்றது. அல்லர் என்பதைத் தொடர்ந்து வரவேண்டிய வேறொன்றைப் பனுவலே தருகின்றது. எனவே விடை தவறு. சிற்றூர்த் தொழிலாளருக்குக் கூலி குறைவு என்பது கூற்றாயின், ‘குறைவு அன்று’ என்று தொடங்கி மேலே செல்ல இயலாது; அதுபற்றிய பேச்சே பனுவலில் இல்லை. எனவே விடை கூறப்படவில்லை என்பதாகும். அன்று என்று தொடங்கி அடுத்த தொடரை நிரப்ப முடிகின்றதா என்னும் இவ்வொரு சோதனை பல பக்க விளக்கத்தினும் பயன்தரும்.

மூன்றாவதொரு கூற்று இன்னும் நுட்பமானது: தொழிலாளருள் சிலர் நகரத்திலிருந்து வந்தனர். பெரும்பாலோர் சிற்றூரார் எனின் எஞ்சியோர் நகரத்தார்தாமே என மனம் தாவுகின்றது. ஆயின் எஞ்சியோர் தொலைவிலுள்ள சிற்றூர்களைச் சார்ந்தோராகவும் இருக்கலாம். பெரும்பாலோர் என்ற சொல் ‘அனைவரும் அல்லர்’ என்பதைக் குறிப்பாக உணர்த்துமேயன்றி, மற்றோர் யார் என்பதைக் கூறுவதில்லை. வெளிப்படைக்கும் குறிப்புக்கும் உள்ள இவ்வேறுபாடு கிரைஸ் ஆராய்ந்த உட்கிடைக் கோட்பாட்டின் களம். நம் உரையாசிரியர்களுக்கும் இது பழகிய களமே. தேர்வில் இவ்வகைக் கூற்றில் தவறும் மாணவரின் ஆங்கிலம் குறையுடையது என்று சொல்வதற்கில்லை. தாய்மொழியிலும் அவருக்கு இப்பயிற்சி வாய்க்கவில்லை என்பதே உண்மை. அதனை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க முற்படுதல் இரட்டைச் சுமையாகின்றது.

வரைபடமும் உருபும்

வரைபட விவரிப்புக்கெனப் பயிற்சி நிலையங்கள் வழங்கும் தாள்களில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் குறிக்கும் ஆங்கில வினைகள் நிரம்பியிருக்கும். ராக்கெட்டாகப் பாய்ந்தது, பாதாளத்தில் வீழ்ந்தது என்னும் தரத்து வினைகளும் அவற்றுள் உண்டு. ஈராண்டில் இரண்டு விழுக்காடு குறைந்த ஒன்றைப் பாதாளத்தில் வீழ்த்தும் விடைகள் இதன் பயன். வினைச்சொற்களைப் பெருக்கும் இத்தாள்கள் உருபைக் கவனிப்பதில்லை. பிழையோ உருபில்தான் நேர்கின்றது.

ஒரு நகரில் பேருந்தில் செல்வோர் 20 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக உயர்ந்தனர் எனக் கொள்வோம். தமிழில் ‘30 ஆக உயர்ந்தது’ என்பது அடைந்த எல்லையையும், உருபின்றி வரும் ‘10 உயர்ந்தது’ என்பது உயர்வின் அளவையும் குறிக்கின்றன. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை டு, பை என்னும் முன்னிடைச்சொற்கள் காட்டுகின்றன. ‘ஆக’ வரும் இடத்தில் டு, உருபின்றி அளவுப்பெயர் வரும் இடத்தில் பை எனத் தமிழ்வழி விளக்கினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். தமிழை விலக்கிக் கற்பிக்கும்போது இரண்டும் விளக்கமற்ற மரபுகளாக நெட்டுருச் செய்யப்படுகின்றன. தேர்வு நெருக்கடியில் இடம் மாறியும் விடுகின்றன. 20 ஆக உயர்ந்தது என்பதும் 20 உயர்ந்தது என்பதும் பொருளால் முற்றிலும் வேறு. இவ்வாறு தரவே பிறழும்போது பிழை இலக்கணப் பிழை என்ற எல்லையைக் கடந்து செய்திப் பிழையாகின்றது.

மேற்கூறிய எடுத்துக்காட்டில் உயர்வு 10 விழுக்காடு எனல் பொருந்தாது; 10 விழுக்காட்டுப் புள்ளி எனல் வேண்டும். பழைய அளவோடு ஒப்பிட்டால் உயர்வு 50 விழுக்காடு. தமிழ் நாளிதழ்களும் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் பேணுவதில்லை. ‘இருமடங்கு அதிகம்’ என்பதும் அத்தகையதே. அது இரு மடங்காயிற்று எனப் பொருள்படுமா, மூன்று மடங்காயிற்று எனப் பொருள்படுமா என்பது தமிழில் ஐயத்துக்குரியது. அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் ஏற்றும் மாணவர் அவ்வையத்தையும் உடன் ஏற்றுகின்றார். மூலத்தின் ஐயத்தைத் தீர்த்துக்கொண்ட பின்னரே பெயர்க்கத் தொடங்குதல் மொழிபெயர்ப்பாளருக்குத் தொழில் ஒழுக்கம். இம்மாணவருக்கோ அதனைச் சொல்லித்தருவார் இல்லை.

இணைப்புச் சொற்பட்டியலும் நிகண்டும்

எழுதுதலின் இரண்டாம் பகுதி 40 நிமிடத்தில் 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை. மதிப்பீட்டில் முதற்பகுதியினும் இருமடங்கு எடையுடையது. இதற்கு வழங்கப்படும் பயிற்சி பெரும்பாலும் வார்ப்பாகவே உள்ளது. இற்றைக் காலத்தில் இப்பொருள் பெரிதும் விவாதிக்கப்படுகின்றது என ஒரு தொடக்கம். ஒருபுறம், மறுபுறம் என இரு பத்திகள். முடிவாகக் கூறின் என ஒரு முடிப்பு. இடையில் தலைப்பு மட்டும் மாறும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எனப் பள்ளியில் தமிழ்க் கட்டுரை எழுதிப் பழகியவருக்கு இது புதிதன்று. பழைய முன்னுரையின் இடத்தைப் புதிய முன்னுரை கவர்ந்துகொண்டது; அவ்வளவே.

தேர்வு நடத்துவோர் வெளியிட்டுள்ள மதிப்பீட்டுக் குறிப்புகள் இவ்வார்ப்புக்கு எதிரானவை. 2023இல் திருத்தி வெளியிடப்பட்ட குறிப்புகளில் மனப்பாடத் தொடர்களைப் பொருந்தா வகையில் பயன்படுத்துதல் 4 பேண்டுக்குரிய இயல்பாகச் சுட்டப்பட்டுள்ளது. இணைப்புச் சொற்களை அளவின்றிப் பெய்தல் 5 பேண்டின் இயல்பு. உயர்ந்த பேண்டிலோ இணைவு படிப்போர் கண்ணில் ஏறத்தாழப் படாததாக இருத்தல் வேண்டும். பயிற்சி நிலையம் தரும் பட்டியலோ கண்ணில் படுவதற்கென்றே அமைந்தது. ஹவெவர், மோர்ஓவர், ஃபர்தர்மோர் என்பன ஒவ்வொரு தொடரின் தலையிலும் அமர்ந்திருக்கும்.

ஹாலிடே, ஹசன் இருவரும் 1976இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலப் பனுவலின் இணைவைச் சுட்டு, பதிலி, எச்சம், இணைப்பு, சொல்வழி இணைவு என ஐந்தாகக் காட்டினர். (இங்கு எச்சம் என்றது தொடரில் சொல் தொக்கு நிற்றலை, வினையெச்சத்தை அன்று.) ஐந்தனுள் இணைப்பு ஒன்றே. பயிற்சித் தாள் அவ்வொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கைக் கைவிடுகின்றது. தமிழ்ப் பனுவல் பெரும்பாலும் அக்கைவிடப்பட்ட நான்கையே நம்பி நிற்பது. எழுவாய் தொகும், சுட்டுப்பெயர் முன்னதைத் தாங்கும், ‘உம்’ போன்ற இடைச்சொல் ஒரு பத்தியையே பிணைக்கும். நல்ல தமிழ் எழுதும் மாணவருக்கு இணைப்புச் சொல்லின்றிப் பனுவலைப் பிணைக்கும் திறன் முன்னரே உண்டு. அத்திறன் ஆங்கிலத்தில் எவ்வடிவம் பெறும் என்று காட்டுவதை விட்டு, அது இல்லை எனக் கருதிப் பட்டியல் தருவது வியப்புக்குரியது.

சொல்வளம் பற்றிய பயிற்சியும் இவ்வாறே. வினாவிலுள்ள சொற்களைத் திரும்ப எழுதலாகாது என்பதற்காக ஒருபொருட் பன்மொழிப் பட்டியல்கள் வழங்கப்படுகின்றன. குழந்தைகள் என்பதை இளைய தலைமுறையினர் என்றும், அரசு என்பதை அதிகார வர்க்கத்தினர் என்றும் மாற்றி எழுதும் வழக்கம் இதன் விளைவு. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றிய வினா, இளைய தலைமுறையினருக்குத் தடுப்பூசி எனப் பொருள் மாறிப் போகின்றது. இது ஒருவகை நிகண்டுப் பயிற்சியே. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவற்றை நெட்டுருச் செய்த அக்கால மாணாக்கருக்கு அச்சொற்களை ஆளும் செய்யுட்களும் உடன் பாடமாக இருந்தன. செய்யுள் இல்லாத நிகண்டு எத்தகையது என்பதற்கு இன்றைய பயிற்சித் தாள் சான்று. ஒரு சொல்லுக்கு நிகரான சொல் எனத் தனியே ஒன்றில்லை, ஓரிடத்துக்கு நிகரான சொல்லே உண்டு என்பதை மொழிபெயர்ப்பில் ஓராண்டு பழகியவர் எவரும் அறிவர்.

வினையெச்சமும் சுட்டும்

ஆங்கிலத் தொடரமைப்பில் தமிழ் மாணவர் செய்யும் பிழைகளுள் இரண்டு மட்டும் ஈண்டுச் சுட்டப்படுகின்றன.

முதலாவது, வினையெச்சத் தொடர். ‘மழை பெய்து குளம் நிரம்பியது’ என்பது தமிழில் இயல்பானது. இதனை ஆங்கில நிகழ்வினை எச்சத்தால் பெயர்ப்போர் குளமே மழையாகப் பெய்தது எனப் பொருள்படும் தொடரை அமைத்துவிடுகின்றனர். எழுவாயற்றுத் தொங்கும் எச்சம் என ஆங்கில இலக்கணம் இதனைக் கடியும். ஆண்ட் என்னும் சொல்லால் இணைத்தாலோ காரணப்பொருள் மறைந்து வெறும் வரிசை எஞ்சும். பயிற்சியாளர் பிழையைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டுவர். அதன் காரணத்தைக் கூறார். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதல் வினையோடு முடிதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் காலம் முதல் வரும் விதி. இக்காலத் தமிழ் காரணப்பொருளில் அவ்விதியை நெகிழவிட்டது. எழுத்து ஆங்கிலம் நெகிழவிடவில்லை. இவ்வாறு காட்டப்பெற்ற மாணவர் அப்பிழையை மீண்டும் செய்வது அரிது. விதி தமக்கு அயலானதன்று என அவர் உணர்கின்றார்.

இரண்டாவது, ஏ, தி என்னும் ஆங்கிலச் சார்படைகள். தமிழில் இவை இல்லையாதலின் தமிழருக்கு வாரா எனக் கையேடுகள் கூறுகின்றன. முழுதும் இல்லை எனல் பொருந்தாது. ‘கடிதம் எழுதினாள்’ என்பதற்கும் ‘கடிதத்தை எழுதினாள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, கேட்போர் அறிந்த கடிதமா, அறியாததா என்பதே. அஃறிணைச் செயப்படுபொருளில் ஐ உருபின் தோற்றமும் மறைவும் ஆங்கிலச் சார்படையின் பணியில் ஒரு பகுதியைச் செய்கின்றன. உயர்திணையில் ஐ கட்டாயமாதலின் அங்கு இவ்வேறுபாடு புலப்படாது, எழுவாயிலும் புலப்படாது. எனவே இஃது அரைவழித் துணையே. ஆயினும், ‘ஐ இங்கு வருமா?’ என்று மாணவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள இயலும் இடங்களில் விதிப்பட்டியலினும் அவருடைய செவி நம்பத்தக்கது.

பேசுதல் தேர்வைப் பொறுத்தவரை மேற்கூறியன அவ்வளவாகப் பொருந்தா. 11 முதல் 14 நிமிடம் நடைபெறும் நேருரையாடலில் எண்ணிப் பெயர்த்துப் பேச நேரமில்லை. ஆங்கிலத்திலேயே எண்ணுக என்னும் அறிவுரைக்கு ஓரளவு நியாயம் இருக்குமானால் அது இங்குதான். உச்சரிப்பில் மதிப்பிடப்படுவது கேட்போருக்கு விளங்கும் தன்மை. கடன்வாங்கிய பிரிட்டன் ஒலிப்பைத் தேர்வு கேட்பதில்லை என்பதையும் சேர்த்துக் கூறல் வேண்டும்.

தடையும் விடையும்

மொழிபெயர்ப்பைப் பயிற்சிக்குள் கொணர்தல் பழைய இலக்கண மொழிபெயர்ப்பு முறைக்குத் திரும்புவதாகும் எனத் தடை எழுப்புவர். தனித்தனித் தொடர்களைச் சூழலின்றிப் பெயர்க்கச் செய்த அம்முறையின் குறைகள் மறுக்கத்தக்கன அல்ல. ஆனால் மொழிபெயர்ப்பு என்பது அம்முறை மட்டுமன்று. கை குக் 2010இல் வெளியிட்ட நூலில் மொழிபெயர்ப்பு கற்பித்தலிலிருந்து நீக்கப்பட்டமைக்குப் போதிய ஆய்வுச் சான்று காட்டப்படவில்லை என்பதை விரிவாக நிறுவினார். ஐரோப்பிய அவையின் 2001ஆம் ஆண்டுச் சட்டகம் மொழிச் செயல்களை ஏற்றல், ஆக்கல், ஊடாடல், இடைநின்று உணர்த்தல் என நான்காக வகுத்தது. 2020இல் முடிவுபெற்ற அதன் துணைத் தொகுதி, இடைநின்று உணர்த்தலுக்கு விரிவான அளவைகளைத் தந்தது. ஒருவர் மொழியில் உள்ளதைப் பிறருக்கு விளங்க எடுத்துரைத்தல், பனுவலைச் சுருக்கல், வரைபடத்தை விளக்கல் ஆகியன அதன்கண் அடங்கும். ஐயெல்ட்ஸ் முதலிய தேர்வுகள் தம் மதிப்பெண்களை இச்சட்டகத்தோடு பொருத்திக் காட்டுகின்றன. சட்டகத்தின் நான்காம் கூறு பயிற்சி நிலையங்களின் வாயிலை இன்னும் எட்டவில்லை.

வேறொரு தடை வலிமை மிக்கது. பயிற்சி நிலையத்தில் பலமொழி மாணவர் ஒருங்கே அமர்ந்திருப்பர். பயிற்றுநருக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது. பயிற்சிக்காலமும் நான்கு முதல் எட்டு வாரமே என்பர். இவை உண்மை. தமிழ்வழியில் பயின்ற மாணவரே இந்நிலையில் மிகுதியும் இழப்பவர் என்பதும் உண்மை. ஆங்கிலவழியில் பயின்றவர் வார்ப்பைத் துறந்தும் எழுதிவிடுவார். தமிழ்வழி மாணவர் தம்மிடம் உள்ள கருவி பயனற்றது எனக் கேட்டு அதனைக் கைவிட்டு, வார்ப்பைப் பற்றிக்கொள்கின்றார். வார்ப்பு அவரை 5.5இல் நிறுத்துகின்றது.

இருமொழி ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி நூல் ஒன்று தமிழருக்கென உருவாதல் வேண்டும். பயிற்றுநருக்குத் தமிழ் இலக்கணம் தெரியாத இடத்தில் மாணவரே பயன்படுத்தத்தக்கதாக அது அமைதல் வேண்டும். அதற்கான மூலப்பொருள் குறைவில்லை. தமிழ் ஆங்கில ஒப்பீட்டிலக்கணம் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களில் உறங்குகின்றன. பெரும்பாலானவை ஒலியனில் தொடங்கித் தொடரனில் முடிவன. பனுவல் அளவில் ஒப்பிட்டவை குறைவு. ‘பெரும்பாலோர்’ என்பதன் குறிப்புப்பொருள், ‘ஆக’ உருபின் எல்லைப்பொருள், ‘உம்’ இடைச்சொல்லின் இணைவுப் பணி ஆகியவற்றை ஆங்கில நிகர்களோடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பனுவல்களை இருமொழியிலும் தந்து, எங்குப் பொருந்துகின்றது, எங்குப் பிறழ்கின்றது எனக் காட்டும் நூல் 200 பக்கங்களுக்கு மேற்போகாது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருங்கமர்ந்தால் ஈராண்டில் முடியும் பணி அது.